பச்சை நூல் கட்டிய கிண்ணம்

கண்ணாடித் தம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஓவனுக்குள் வைத்தாள். அதன் பக்கத்தில், தம்ளரைத் தொடாமல், ரோஜாப்பூ போட்ட பீங்கான் கிண்ணம். கதவைச் சாத்தி ஒரு நிமிடம் வைத்தாள். உள்ளே தட்டு சுற்ற ஆரம்பித்ததும் இரண்டு எட்டு பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல நின்றாள்.

மணி அடித்தது. முதலில் கிண்ணத்தைப் புறங்கையால் தொட்டாள். பிறகு தண்ணீரில் ஒரு விரலை விட்டாள்.

"கிண்ணம் சுடுது. தண்ணி வெதுவெதுன்னு கூட சரியா ஆவல. நீங்களே தொட்டுப் பாருங்க. சோத்துக்குப் போவவேண்டிய சூட்ட இது தின்னுக்கினு இருக்குது. உள்ள போவக் கூடாது."

"அது என் தங்கச்சி குடுத்ததும்மா" என்றார் வீட்டுக்காரம்மா.

"தங்கச்சிய ஒண்ணும் சொல்லலியே. ஊறுகா போட்டு வையுங்க."

இளவரசிக்கு முப்பத்தெட்டு வயது. காந்தி ரோட்டில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் வேலை. ஓவன் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய் அதை எப்படிப் புழங்குவது என்று காட்டிவிட்டு வரவேண்டும். கடையில் அதை டெமோ என்பார்கள். மற்றவர்கள் டெமோவுக்குப் போனால் சோளம் பொரித்துக் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். இளவரசி போனால் இரண்டு மணி நேரம். ஓவனைத் திறப்பதற்கு முன்னால் பாத்திர அலமாரியைத் திறக்கச் சொல்வாள்.

"ஓவனு எங்கியும் ஓடிப்போவாது. சட்டி பான இன்னா இன்னா வச்சிக்கினு இருக்கீங்க, அத காட்டுங்க."

சமையலறைத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பரப்புவாள். தட்டைத் திருப்பி அடியில் அச்சடித்திருப்பதைப் படிப்பாள். மெலமைன் தட்டு என்றால் கையில் எடுத்ததுமே கனத்தை வைத்துச் சொல்லிவிடுவாள், ஒதுக்கிவைப்பாள். பீங்கான் ஓரத்தில் தங்கக் கோடு தெரிந்தால் நகத்தால் சுரண்டுவாள். காஞ்சிபுரத்தில் மின்னுவது எதைப் பார்த்தாலும், அசல் சரிகையா என்று கை தானாகச் செய்கிற வேலை அது. "இது சரிகக் கர போட்ட தட்டு. பொறி பறக்கும். விருந்தாளி வந்தா முறுக்கு வச்சிக் குடுங்க."

ஓவனோடு வரும் புத்தகத்தை அவள் முழுக்கப் படித்திருக்கிறாள். அதிலிருந்து அவள் வீடுகளில் சொல்வது நாலு வரிதான். "மைக்ரோன்னா அலை. கன்வெக்‌ஷன்னா அனல். அலைக்கு எவர்சில்வர், அலுமினியம், இரும்பு ஒண்ணும் ஆவாது. அனலுக்கு அதெல்லாம் ஆவும், பிளாஸ்டிக் ஆவாது. ரெண்டும் சேத்து வச்சா, சூடு தாங்கற கண்ணாடி மட்டும்தான். மிச்சத்த அவன் நாப்பது பக்கத்துக்கு எழுதியிருக்கான், நேரம் இருந்தா படிங்க."

நாலு வரியும் மறந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவளே கண்டுபிடித்த ஏற்பாடு நூல். கணவர் பஞ்சாட்சரம் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார். தறிக்கு அடியில் விழும் பட்டு நூல் துண்டுகளில் சரிகை ஒட்டாதவையாகப் பொறுக்கி, நிறம் நிறமாகக் கைப்பையில் வைத்திருப்பாள். எல்லாவற்றையும் தாங்கும் கண்ணாடிக்குப் பச்சை நூல். அனலுக்கு மட்டும் ஆகிற கேக் டின்னுக்கு மஞ்சள். அலைக்கு மட்டும் ஆகிற பிளாஸ்டிக் டப்பாவுக்குச் சிவப்பு. பாத்திரத்தின் காதிலோ மூடியின் குமிழிலோ இரண்டு முடிச்சு. நூல் கட்டாத எதுவும் உள்ளே போகக் கூடாது.

பஞ்சாட்சரத்துக்கு இது ஒரு வேடிக்கை. "நான் பொடவ நெய்யிறேன், இவ அந்த நூலுல சட்டிக்குக் காப்பு கட்டிக்கினு திரியிறா" என்பார், வீட்டுக்கு வருகிறவர்களிடம்.

"வைக்கும்போது கழட்டிட்டு வையுங்க, கழுவிட்டுத் திரும்பக் கட்டுங்க" என்று அவள் எல்லா வீட்டிலும் சொல்வாள். பாதிப் பேர் கழற்றுவதில்லை. வெறும் பட்டு இழை, அலைக்கு அதனால் ஒன்றும் ஆனதில்லை. அதனால் அவளும் விட்டுவிட்டாள். எழுந்து கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வது ஒன்று உண்டு: "அறுந்துபோச்சுன்னா வேற நூலு கட்டிக்குங்க. நெறந்தான் முக்கியம்."

அவள் வீட்டில் ஓவன் இல்லை. யாராவது கேட்டால், "எங்களுக்கு சிலிண்டரே போதும்பா. நீங்க வாங்கனாதான் எனக்கு வேல" என்பாள்.

டெமோ முடிந்த பிறகும் வீடுகள் அவளை விடுவதில்லை. புதிதாக ஒரு பாத்திரம் வாங்கினால் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். கடைப் படியில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஒரே ஒரு சொல் பதில் போகும். ஆவும். அல்லது, ஆவாது. அதிகம் அனுப்புகிறவர் சின்ன காஞ்சிபுரம் மரகதவல்லி மாமி. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஆகவே காரணம் தெரியாமல் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். டெமோ அன்றைக்கே ஒரு தகராறு நடந்தது.

"அனலுக்கு உலோகம் வெக்கலாம்னு நீதானே சொன்னே. அப்போ சாத்துமதுக்கு ஈயச்சொம்ப வெக்கலாமோன்னோ?"

"ஐயோ மாமி. ரசம் ஊத்தாம வெறுஞ்சொம்பா அடுப்புல வச்சாலே அது உருகிடுமே."

"அடுப்புல நெருப்பு இருக்கு, உருகும். இதுல நெருப்பே இல்லியேடிம்மா."

இளவரசி சொம்பைத் தானே எடுத்துப்போய், நாற்காலி போட்டு ஏறி, பரண் மேல் வைத்துவிட்டு இறங்கினாள். "கண்ணுக்குத் தெரியாத நெருப்பு மாமி. எரநூறு டிகிரி. சொம்பு தோசையாயிடும்." மாமி இப்போதும் நாளைக்கு மூன்று போட்டோ அனுப்புகிறார். சொம்பு இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவள் கடையில் ஒரு கேக் டின்னுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தபோது ஓரிக்கையிலிருந்து போன் வந்தது. துர்கா. மாமனார் மாமியாருக்கு விவசாயம். இவள் வீட்டிலேயே கேக் செய்து தெருவில் பிறந்தநாள்களுக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். ஓவன் வாங்குவதற்கு வீட்டில் ஆறு மாதம் மன்றாடியவள்.

"அக்கா, பச்ச நூலு கிண்ணம்க்கா. நீங்க எடுத்துக் குடுத்ததுதான். வெண்ண உருக்கலாம்னு அலையில வச்சேன், பட்டாசு மாரி வெடிக்குதுக்கா. நீலமா பொறி பறக்குது."

"உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்லக்கா. பிளக்க புடுங்கிட்டேன்."

"கதவத் தொறந்தியா?"

"கொஞ்ச நேரம் உட்டுத் தொறந்தேன். கிண்ணத்தோட காது கருப்பா ஆயிருக்குது."

"தொடாத. அப்படியே இருக்கட்டும். நான் வந்துக்கினே இருக்கேன்."

கடை முதலாளி பிரேம்நாத்திடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அந்தக் கிண்ணம் இரண்டு காது வைத்த கண்ணாடிக் கிண்ணம். கடையின் அலமாரியில் அவளே பார்த்து, தட்டி, தண்ணீர்த் தம்ளரோடு மூன்று முறை வைத்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் என்று அவள் சொன்ன ஒரே பாத்திரம். போன வீட்டிலெல்லாம் அதைத்தான் வாங்கச் சொன்னாள். அது வெடிக்கும் என்றால் பதினெட்டு வீட்டிலும் வெடிக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே வீடுகளை எண்ணினாள். இந்த நேரத்தில் யார் என்ன வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் வீட்டில் சோறு சூடு பண்ணுவது ஒரு மணிக்கு. பிள்ளையார்பாளையத்து அங்கம்மாள் சாயங்காலம்தான். மரகதவல்லி மாமி பதினொன்றரைக்குப் பால் வைப்பார்.

மணி பதினொன்று இருபது. வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தினாள்.

"மாமி, ஓவன்ல ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"பால் வெக்கப்போறேன். ஏன்?"

"வாணாம். ஸ்டவ்ல வையுங்க. நான் சொல்றவரைக்கும் அந்தக் கிண்ணத்த எடுக்காதீங்க."

"காரணம் சொல்லு."

"தெரியல மாமி. தெரிஞ்சதும் சொல்றேன்."

மாமி வாழ்க்கையில் முதல் முறையாகக் காரணம் தெரியாமலே சரி என்றார். அதுதான் இளவரசிக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஓரிக்கையில் துர்காவின் மாமனார் கண்ணாயிரம் வாசலில் மீட்டர் பெட்டிக்குக் காவல் போல நின்றிருந்தார். வீட்டுக்கே மெயினை அணைத்திருந்தார். உள்ளே காற்றாடி ஓடவில்லை. மாமியார் பூவம்மாள் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. பச்ச நூலு கட்டனது நீதானா? நான் தலதலையா அடிச்சிக்கினேன், கரண்டுல சட்டி வைக்காதடின்னு. கடைல இருந்து படிச்ச பொண்ணு வந்து பாத்துட்டுப் போயிருக்குது அத்தன்னு இவ சொன்னா. இப்ப மோந்து பாரு. முடி பொசுங்கின மாரி நாறுது ஊடு."

இளவரசி சமையலறை வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கண்ணாடிக்கு இந்த வாசனை கிடையாது. வெண்ணெய் கருகினால் வேறு மாதிரி இருக்கும். ஓவனுக்குள் கம்பியோ அட்டையோ எரிந்திருந்தால் மூக்கைக் குத்தும். இது முடி பொசுங்கும் வாசனைதான். பஞ்சாட்சரம் தறிக்குப் புதுப் பாவு நூல் வந்தால் ஒரு இழையை நெருப்பில் காட்டி முகர்ந்து பார்ப்பார். அப்போது வீட்டில் இதே வாசனை வரும்.

"துர்கா, பட்டு எரிஞ்சிருக்குது."

"நூலாக்கா? நூலு எப்பவும் இருக்கறதுதான. நான் கழட்டறதே இல்ல."

சன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டாள். கிண்ணத்தில் வெண்ணெய் பாதி உருகி மறுபடி உறைந்திருந்தது. ஒரு காதைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம். சுழலும் தட்டின் மேல் கறுப்பாகச் சுருண்டு ஒரு துணுக்குக் கிடந்தது. அதை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து நகத்தால் சுரண்டினாள். கரி உதிர்ந்தது. உள்ளே மின்னியது.

"இது நான் கட்டன நூலு இல்லியே."

"உங்குளுது போன வாரம் தேய்க்கும்போது அறுந்துபோச்சுக்கா. நீங்கதான வேற கட்டிக்கோன்னு சொன்னீங்க. பீரோல இருந்து..." துர்கா மாமியாரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணப் பொடவ முந்தானக் குஞ்சத்துல ஒரு இழ தொங்கிக்கினு இருந்துது. பச்சதான்க்கா. நல்ல பச்ச."

"பச்சதான். கூடவே சரிகயும் முறுக்கியிருக்குது."

பூவம்மாள் விசிறுவதை நிறுத்தினாள். "முகூர்த்தப் பொடவைலருந்து நூலப் புடுங்கி சட்டிக்குக் கட்டனியாடி?"

"ஒரு இழதான் அத்த."

"அதான் வெடிச்சிது. வெடிக்காம இன்னா பண்ணும்?"

இளவரசி கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாள். விளிம்பு முழுக்க விரலால் தடவினாள். கரண்டியால் தட்டித் தன் காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டாள். ஓவனுக்குள் ஈரத் துணியால் துடைத்தாள். பக்கவாட்டில் அலை வரும் வழியை மூடியிருந்த மெல்லிய தகட்டில் கறை எதுவும் இல்லை. ஆனால் பார்ப்பது வேறு, ஓட்டிப் பார்ப்பது வேறு.

"அப்பா, மெயினப் போடுங்க" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பொட்டிய வெளிய தூக்கிப் போடு, போடறேன்" என்றார் கண்ணாயிரம்.

"ஒரு நிமிசம்தான்பா. வெடிச்சா நானே தூக்கிக்கினு போறேன்."

காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. தம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தாள். பக்கத்தில் காலிக் கிண்ணம், நூல் இல்லாமல். ஒரு நிமிடம். இந்த முறை அவள் கை கட்டவில்லை. சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். துர்கா கதவுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய நின்றாள். பூவம்மாள் நகரவில்லை, இவ்வளவு தூரம் வந்தபின் வெடிப்பதைப் பார்த்துவிடலாம் என்று இருந்ததோ என்னவோ.

"இன்னாச்சு?" வாசலிலிருந்து கண்ணாயிரம்.

"சுத்துதுப்பா."

"இப்ப?"

"இப்பவும் சுத்துது."

மணி அடித்தது. இளவரசி கதவைத் திறந்து கிண்ணத்தைப் புறங்கையால் தொட்டாள். தண்ணீரில் விரலை விட்டாள், வெடுக்கென்று எடுத்தாள். கிண்ணம் ஆறிய சோறு போலக் கிடந்தது. தண்ணீர் சுட்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே மாமிக்குப் போன் செய்தாள். "கிண்ணம் நல்லாருக்குது மாமி. ஆனா நூலக் கழட்டிட்டு வையுங்க. பால் வச்சாச்சா? சரி. இல்ல, காரணம் அப்புறமா சொல்றேன்." கைபேசியை வைத்துவிட்டு தம்ளரை எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"அக்கா, அது சுடுதண்ணி. மோர் தரேன்."

"தா. இதையும் குடிச்சிக்கிறேன்."

பூவம்மாளே மோர் கொண்டுவந்தாள். "பொட்டி மேல குத்தம் இல்லன்றே?"

"இல்லம்மா. கிண்ணத்து மேலயும் இல்ல. ஆனா காதுல ஒரே எடத்துல சூடு ஏறியிருக்குது, இனிமே இதத் தயிருக்கு வச்சிக்குங்க. நான் வேற அனுப்பறேன்."

"தப்பு என்னுதுதான்க்கா" என்றாள் துர்கா.

"ஆமா, இவுளுதுதான்" என்றாள் பூவம்மாள். ஆனால் முகத்தில் இருந்த கடுப்பு போயிருந்தது. சாயங்காலம் பெருமாள் கோயில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கேக் போகவேண்டும், வெண்ணெய் உருக்கினாயா என்று மருமகளை அவளே கேட்டாள்.

வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது இளவரசிக்கு வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஸ்கூட்டியில் உட்கார்ந்தும் சாவியைத் திருப்பாமல் இருந்தாள். துர்கா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டதை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். பச்சை நூல் அறுந்தால் பச்சை நூல் கட்டு என்று சொன்னது யார்? வேறு ஊராக இருந்தால் தையல் பெட்டியில் தேடியிருப்பார்கள். இங்கே பீரோவைத் திறப்பார்கள். இந்த ஊரில் எந்த பீரோவில் சரிகை இல்லாத பச்சை இருக்கிறது?

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள். துர்கா கையில் மாவோடு வந்தாள்.

"தப்பு உன்னுது இல்ல. நான் சொன்னதுதான் தப்பு. உங்க அத்தகிட்டயும் சொல்லிடு."

"பரவால்லக்கா, அவுங்க மறந்துட்டாங்க."

"சொல்லிடு."

அன்று சாயங்காலம், டெமோ போன வீடுகளை எழுதிவைத்திருக்கும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் செய்தாள். நூலை அறுத்துப் போட்டுவிடுங்கள், கட்டவே கட்டாதீர்கள் என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். டாக்டர் வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, அப்புறம் கழற்றுகிறேன் என்றார்கள். அங்கம்மாள், "அழகா இருக்குதும்மா, இருக்கட்டுமே" என்றாள். ஒருத்தர் எடுக்கவே இல்லை.

பஞ்சாட்சரம் தறியிலிருந்து எழுந்துவந்து கையைத் துடைத்துக்கொண்டார். முழுக் கதையையும் கேட்டார்.

"அந்தப் பொறி நீலமா இருந்துதாமா?"

"ஆமா."

"அப்ப நல்ல சரிகதான்" என்று தன்பாட்டில் சொல்லிவிட்டு, அவள் பார்த்த பார்வையில், "இல்ல, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல இல்ல, அதான்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. வந்ததும் நிற்காமல் கொஞ்ச நேரம் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இளவரசி கடையில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு கத்தரிக்கோலோடு கிளம்பினாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒன்பது வீடு, சின்ன காஞ்சிபுரத்தில் ஐந்து, ஓரிக்கையில் இரண்டு, மாகறலில் ஒன்று. எல்லா வீட்டிலும் நூல் கட்டினபடியே இருந்தது. நான்கு வீடுகளில் அது அவள் கட்டிய நூல் இல்லை. அதில் மூன்றில் சரிகை இருந்தது. எல்லாவற்றையும் அறுத்தாள். உள்ளே போகலாம் என்கிற பாத்திரங்களை மட்டும் ஒரு தட்டில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள். மாமி வீட்டில் காரணத்தை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினெட்டாவதாக, போனை எடுக்காதவரின் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. திருப்பதிக்குப் போயிருக்கிறார்கள், ஞாயிறு வருவார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஞாயிறு என்று எழுதினாள். படியிறங்கி ஸ்கூட்டிவரை வந்தவள் திரும்பிப் போய்ப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.